முட்டைக்குள் முத்து காட்டிய படம்

1974 ஜூலை 12, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். காற்று மணலை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் கடலோரப் பள்ளியின் ஒன்றாம் வகுப்புச் சன்னல்களைச் சாக்கால் மறைத்துவிட்டு, பதினோரு நிமிடப் படம் ஒன்றைப் பார்க்க மூன்று பேர் உட்கார்ந்தோம்: தலைமையாசிரியையான சிஸ்டர், பக்கத்துத் தெரு டாக்டர், கணக்கு வாத்தியாரான நான்.

நல்ல உணவைப் பற்றிய படம். சென்னையில் ஏதோ ஒரு சங்கத்தார் எடுத்து வேனில் அனுப்பியிருந்தார்கள். ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு அது ஏற்றதா என்று நாங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஏற்றது என்றால் புரொஜெக்டர் ஒரு வருஷம் பள்ளியில் இருக்கும். இல்லையென்றால் அன்று மூன்று மணிக்கே வேனில் திரும்பிவிடும். நடுநிலையான தீர்ப்பைப் பெற இதைவிடச் சிறந்த வழி யாருக்கும் தோன்றியிருக்காது.

படத்தில் கொழுத்த பையன் ஒருவன் ஆப்பிள் தின்றான். 'புரதச்சத்து' என்ற சொல் ஒன்பது தடவை வந்தது. கடைசியில் ஒரு முட்டை இரண்டாகப் பிளந்து, உள்ளிருந்து பளபளவென்று முத்துகள் உருண்டு வந்து பையனின் வாய்க்குள் குதித்தன. அவை உயிர்ச்சத்துகளாம்.

"ஆப்பிள் இங்க ஆஸ்பத்திரிக்கு ஆள் பாக்கப் போறப்பதான் வாங்குவாங்க. பிள்ளைகளுக்குச் சொல்லி என்ன பிரயோசனம்?" என்றேன்.

"மீன் ஒண்ணுகூட இல்லையே" என்றார் டாக்டர். பாதிப் படம் வரை தூங்கியவர் அவர். மீன் அந்தப் பாதியிலும் இல்லை என்று நான் உறுதி சொன்னேன்.

"குறை சொல்லணும்னா எதுலதான் இல்ல, சார்?" என்றார் சிஸ்டர். அவர் கண் புரொஜெக்டரை விட்டு அகலவில்லை. "அந்த முத்து வர்ற இடம் நம்ம ஊருக்குன்னே எடுத்த மாதிரி இருக்கு."

மூன்று பேரும் ஒத்துப்போனது அந்த ஒரு காட்சியில்தான். நீளமான சொல் எதுவும் அதில் இல்லாததால் நானும் தலையாட்டினேன். 'ஏற்றது' என்று எழுதி, முதல் கையெழுத்தை என்னிடம் வாங்கினார்கள். பிறகு நாற்பத்தொரு பிள்ளைகளுக்கும் படத்தைப் போட்டுக் காட்டினோம்.

சாப்பாட்டு மணி அடித்து ஒரு மணி நேரம் இருக்கும். எதிர்க்கடை அண்ணாச்சி இரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"என்ன சார், பள்ளிக்கூடமா நடத்துதீய? சாப்பிட்டுட்டு வாரதுக்குள்ள கூடை முட்டையையும் ஒடச்சிப் போட்டிருக்காவ! அறுவது முட்டை!"

கடைக்குப் போய் ஓடுகளைச் சேர்த்து எண்ணினேன். ஐம்பத்தேழு. ஏழெட்டுப் பிள்ளைகள் மஞ்சள் கையோடு நின்றார்கள். யாரும் அழவில்லை.

"தின்னுறதுக்கு இல்ல சார்" என்றாள் ஒருத்தி. "முத்து பாக்கத்தான்."

"ஒண்ணுல இல்லைன்னதும் நிறுத்த வேண்டியதுதான ஏளா?"

என்னை இரக்கத்தோடு பார்த்தாள். "ஆயிரம் சிப்பி ஒடச்சாத்தான் ஒரு முத்துன்னு எங்க தாத்தா சொல்லுதாவ. நாங்க இன்னும் நூறுகூட ஒடைக்கல. அதுக்குள்ள அண்ணாச்சி வந்துட்டாவ."

முத்துக்குளிப்பு நின்று வருஷங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் அந்தத் தெருவில் வீட்டுக்கொரு தாத்தா, தான் உடைத்த சிப்பிகளைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தார். சென்னைக்காரர்களுக்கு அது தெரியாததில் தப்பில்லை. தீர்ப்புச் சொன்ன மூன்று பேரும் பிறந்தது இதே ஊரில்.

"படம் பிள்ளைகளுக்கு நல்லாப் புரிஞ்சிருக்கு, பாத்தீங்களா!" என்றார், என் பின்னாலேயே கடைக்கு வந்திருந்த சிஸ்டர்.

"அந்த வேன்காரர் எங்க? அவருகிட்டயே நியாயம் கேக்கேன்" என்று அண்ணாச்சி கிளம்பினார். வேன்காரர் சிஸ்டர்களின் மடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இந்தக் கதை அவர் காதில் விழுந்தால் புரொஜெக்டரும் வேனில் ஏறிவிடும். முட்டைக்குக் காசு கொடுத்துவிடலாம் என்றால், பள்ளிப் பணத்தை எடுக்க மேலிடத்து அனுமதி வேண்டும். டாக்டரோ நோயாளி காத்திருப்பதாகச் சொல்லி முன்பே போய்விட்டார்.

"முதல் கையெழுத்து உங்களுதுதான, சார்" என்றார் சிஸ்டர், மிக மென்மையாக.

அண்ணாச்சியைக் கடை வாசலிலேயே மறித்தேன். மூன்று மணிக்கு வேன் எங்கள் 'ஏற்றது' என்ற தாளோடு புறப்பட்டது. புரொஜெக்டர் பள்ளியில் தங்கியது. நான் தின்னாத முட்டைகளுக்கு ஒன்று நாற்பது காசு வீதமும், கூடையிலிருந்த உமி வீணாகிவிட்டது என்று அண்ணாச்சி சேர்த்த ஐம்பது காசும் ஆக, எனக்கு ஆன செலவு இருபத்து மூன்று ரூபாய் முப்பது காசு.