விளிகாணி நின்ற நாள்

சங்கிலிபூதத்தானுக்கு வாய்த்த வேலை கூப்பிடுவது. பாபநாசத்துக்கு மேலே, தாமிரபரணி இன்னும் மலையை விட்டு இறங்காத இடத்தில் இருந்த, காணி என்ற மலைவாசிகளின் குடி ஒன்றில் அவன்தான் விளிகாணி. தலைவரான மூட்டுக்காணி கூட்டம் போட்டால் குடிசை குடிசையாகப் போய் ஆட்களை அழைப்பான். வெளியாருக்குச் சேதி இருந்தால் கொண்டுபோவான். அதற்கு அந்தக் குடியில் ஒரு முறை உண்டு. கொடுத்த சொல்லைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். பதில் வாங்கும்வரை போன இடத்தில் உட்காரக் கூடாது, பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது. அவன் திரும்பி வரும்வரை குடியில் யாரும் அந்தக் காரியத்தில் கை வைக்க மாட்டார்கள். தன் சொந்தச் சொல்லைச் சொல்ல மட்டும் அவனுக்கு உரிமை கிடையாது.

“ஊருக்கெல்லாம் வாயி, வீட்டுக்கு ஊமை” என்பாள் அவன் பெண்டாட்டி பேச்சித்தாய். அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது.

ஆற்றங்கரையில் ஒரு துரை மர அறுவை ஆலை வைத்திருந்தார். ரயில் தண்டவாளத்துக்குக் கட்டை அறுத்தார்கள். கால்வாய்த் தண்ணீர் சக்கரத்தைச் சுற்றும், சக்கரம் வாளை இழுக்கும். கால்வாயின் வாயில் இரும்புக் கம்பி அழி ஒன்று இருந்தது. மழைக்காலத்தில் சருகும் மரக்கிளையும் வந்து அதை அடைத்துக்கொள்ளும். முங்கி அவற்றை இழுத்துப்போடுவது காணிகள் வேலை. மடைப்பலகையை இறக்கினால் தண்ணீர் நின்றுவிடும், முங்குகிறவனுக்கு ஆபத்தில்லை. ஆனால் சக்கரமும் நின்றுவிடுமே. ஆகவே ஓடுகிற தண்ணீரிலேயே முங்கினார்கள். ஓர் ஐப்பசியில் பேச்சித்தாயின் தம்பி ஈச்சனைத் தண்ணீர் அழியோடு வைத்து அழுத்திவிட்டது. அன்று பலகையை இறக்கினார்கள், உடம்பை எடுப்பதற்காக.

“தொரைகிட்டப் போயிக் கேளுங்க” என்றாள் பேச்சித்தாய்.

“எனக்குச் சொல்லு குடுக்கலியே.”

மூட்டுக்காணிக்கு ஆலையிலிருந்து வரும் அரிசியும் உப்பும் நின்றுவிடுமோ என்று பயம். சொல் கொடுக்கவில்லை. ஈச்சன் இடத்தில் அவளுடைய கடைசித் தம்பி மல்லன் முங்கப் போனான். அதற்குப் பிறகு பேச்சித்தாய் புருஷனோடு தேவைக்கு மேல் பேசியதில்லை.

தூத்துக்குடியில் மில்காரர்கள் வேலையை நிறுத்திய சேதி வந்து சில வருஷம் ஆகியிருந்தது. அறுவை ஆட்களும் ஒரு சங்கம் வைத்தார்கள். தலைவர் தேவசிகாமணி, பாளையங்கோட்டைக்காரர், மிஷன் பள்ளியில் படித்தவர், ஆலையில் வாள் பூட்டுகிறவர். “நாம எல்லாரும்” என்று ஆரம்பித்துத்தான் பேசுவார். ஒருமுறை காணிகள் நாலைந்து பேர் கூட்டத்தின் ஓரத்தில் போய் நின்றார்கள். “மலைக்காரனுக்கு எதுக்குலே சங்கம்?” என்று யாரோ கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். தேவசிகாமணியும் சிரித்தார்.

மத்தியானக் கஞ்சிக்கு ஓய்வு வேண்டும் என்று சங்கம் கேட்டது. துரை மறுத்தார். ஆட்கள் வெளியேறினார்கள். துரை நாஞ்சில் நாட்டுப் பக்கமிருந்து வேறு ஆட்களைக் கொண்டுவந்து வாளை ஓட்டினார். அப்போதுதான் தேவசிகாமணிக்கு அழி ஞாபகம் வந்தது. மூச்சிரைக்க மலையேறிக் காணிக்குடிக்கு வந்தார்.

“நீங்களும் நம்ம சங்கந்தான். அழியைத் தொடாம இருந்தாப் போதும்” என்றார்.

சங்கிலிபூதத்தான் எல்லாரையும் அழைத்து வந்தான். பேச்சித்தாய் எழுந்தாள்.

“ஆள் முங்குதப்பப் பலகைய எறக்கணும். அதையும் சேத்துக் கேட்டாத் தொடமாட்டோம்.”

மூட்டுக்காணி சுற்றிலும் பார்த்தார். மறுப்பாரில்லை. அந்தச் சொல்லையே விளிகாணியிடம் கொடுத்தார். தேவசிகாமணியும் ஒத்துக்கொண்டார்.

நல்ல மழை. அழி அடைத்தது, சக்கரம் நின்றது, துரை பேசக் கூப்பிட்டார். சங்கத்தாரோடு சங்கிலிபூதத்தானும் போனான். அதிசயமாகப் பெஞ்சு போட்டு மோரும் கொடுத்தார்கள். மத்தியான ஓய்வு தருவதாகத் துரை சொன்னார். பலகைப் பேச்சு வந்ததும், “அது பிறகு பார்க்கலாம்” என்றார்.

தேவசிகாமணிக்குக் கிடைத்தவரை லாபம். “அடுத்தாப்ல கேப்போம் பூதம். உக்காரும்வே, மோரக் குடியும்.”

“எங்க குடிச் சொல்லுக்குப் பதில் வரலியே” என்றான் அவன்.

ஆறு கடக்குமட்டும் அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யார் நான் யார். சங்கத்தார் மோரைக் குடித்துவிட்டு இறங்கிப் போனார்கள். அவன் ஆலை முற்றத்தில் நின்றான்.

மறுநாள் காலையில் மணி அடித்தது. ஆட்கள் குஷியாக வேலைக்கு வந்தார்கள். சக்கரம் அசையவில்லை. விளிகாணி திரும்பாமல் காணிகள் அழியைத் தொடுவார்களா? அவனோ போன இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான், உதடு வெடித்து, கால் வீங்கி.

தேவசிகாமணி செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். “குடியும்வே. செத்துப்போவீரு.”

“பதிலக் குடுங்க, குடிக்கேன்.”

அதில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். செம்பைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் நெளிந்தார். பிறகு பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அறுவை ஆட்கள் முணுமுணுத்தார்கள், அப்புறம் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். மத்தியானத்துக்கு மேல் துரை வெளியே வந்து, ஆள் முங்கும்போது பலகையை இறக்கலாம் என்றார். மனம் இளகித்தான் சொன்னார் என்று நினைக்க வேண்டாம். கட்டைக்கு ரயில்காரர்கள் ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

சங்கிலிபூதத்தான் செம்பை எடுத்து ஒரே மூச்சில் குடித்தான்.

அடுத்த நாள் பலகை இறங்கியது. மல்லன் முங்கி ஒரு மரக்கிளையோடு எழுந்தான். “அக்கா, தண்ணி அசையவேயில்ல” என்று சிரித்தான். கரையில் நின்ற பேச்சித்தாய் சிரிக்கவில்லை.

“ஒரு நாள் நின்னதுக்கு இது நடக்கும்னா, ஈச்சன் போன அன்னைக்கே நின்னிருக்கலாம்லா?” என்று புருஷனைக் கேட்டாள்.

“அன்னைக்குச் சொல்லு குடுக்கலியே.”

“எந்தம்பிக்காக ஒரு சொல்லு நீங்களாச் சொல்லப்படாதா?”

அந்தக் கேள்வி கடைசிவரை அவனை அரித்தது.

ஒரு வாரம் கழித்துத் தேவசிகாமணி மறுபடி மலையேறினார். சங்கக் கமிட்டியில் காணிகள் சார்பில் அவன் உட்கார வேண்டும் என்றார். மூட்டுக்காணியும் சரி என்றார். அவன் மூட்டுக்காணியைப் பார்த்தான், தேவசிகாமணியைப் பார்த்தான், வாழ்நாளில் முதல்தடவையாக யாரும் கொடுக்காத சொல்லைச் சொன்னான்.

“நான் வேண்டாம். அந்தச் சொல்லு பேச்சித்தாயோடது. அவ உக்காரட்டும்.”

“பொம்பளையா?” என்று தேவசிகாமணி இழுத்தார். அப்புறம் முற்றத்தில் வைத்த செம்பு ஞாபகம் வந்ததோ என்னவோ, “சரிவே, கூப்பிடும்” என்றார்.

அவன் போய்த் தன் குடிசை வாசலில் நின்று, முறைப்படி பெயர் சொல்லி அழைத்து, சேதியைச் சொன்னான். பேச்சித்தாய் அவசரப்படவில்லை. அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டாள், கிழங்கை நறுக்கினாள், உலையில் போட்டாள். பதில் வரும்வரை அவன் நின்றுகொண்டிருந்தான்.