வெங்காயத் தோலில் பச்சையுருமணி

உயிர்க்கலத்தைப் பற்றிப் படிப்பிப்பது, பெரும்பாலும் தன் கண்ணால் காணாத ஒன்றைக் கண்டவர்போல் சொல்லும் தொழில். கரும்பலகையில் ஒரு நீள்சதுரம் கீறி, அதனுள் கரு, குழியவுரு, புன்வெற்றிடம், இழைமணி என்று ஒவ்வொன்றாகப் பெயரிட்டு, கையிலுள்ள வெண்கட்டித் தூளைத் தட்டிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்ப் பழகிய சக ஆசிரியர்களுக்கு நான் சொல்வது விளங்கும். மற்றவர்கள் பொறுமையோடு வாசிக்கவும்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, தமிழ் மொழிமூலம் கற்று, பயிற்சிக் கலாசாலையில் விஞ்ஞானம் பயின்றவள். 1992ஆம் ஆண்டு யட்டியாந்தோட்டைக்கு அப்பால், றப்பர் மரங்களுக்கு நடுவே இருந்த ஒரு தோட்டப் பாடசாலைக்கு மாற்றலாகி வந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். என் மாணவரின் கொப்பிகளில் அடித்தல் திருத்தல் இராது. படங்களுக்கு நிழலிட விடமாட்டேன். பெயரிடும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டினால் அந்தப் பக்கத்தையே கிழித்துவிடுவேன். இவற்றையெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். இனி நான் எழுதப்போவது அந்தப் பெருமை செய்த வேலையைப் பற்றி.

அலுமாரிக்குள் ஒரு நுணுக்குக்காட்டி

நான் வந்த மறுவருடம் எங்கள் பாடசாலைக்கு ஒரு நுணுக்குக்காட்டி கிடைத்தது. மரப்பெட்டியில், வைக்கோல் சுற்றி, புது மணத்தோடு வந்தது. அதிபர் அதைத் தூக்கிச் சென்று தம் அலுமாரியில் வைத்துப் பூட்டினார். திறப்பைக் கேட்டபோதெல்லாம் ஒரு காரணம் இருந்தது. மழையென்றால் வெளிச்சம் போதாது. கருவியின் கண்ணாடிக்கு வெயில் வேண்டும். வெயிலென்றால் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் போட்டிப் பயிற்சி. இரண்டு வருடம் இப்படியே கழிந்தது.

நான் வற்புறுத்தியிருக்கலாம். வற்புறுத்தவில்லை. அக்கருவியை ஒழுங்காகக் குவியப்படுத்த எனக்கே கை வராது என்பதை ஒருவரும் அறியாதிருந்தது எனக்கு வசதியாக இருந்தது. ஒருமுறை சற்று உரத்துக் கேட்டபோது அதிபர் சொன்னார்: "கண்ணாடி ஒடைஞ்சா நான்தான் எழுதிக் குடுக்கணும் டீச்சர். புத்தகத்தில உள்ள படம் ஒடையாதுங்களே."

நீலமாகிய வெற்றிலைச் சிவப்பு

மூன்றாம் வருடம் திறப்பு கிடைத்தது. ஈர்க்கின் மழுங்கிய முனையால் கன்னத்தின் உட்புறத்தை மெல்லச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் பூசி, நீலச் சாயம் ஒரு துளி இட்டால் மனிதக் கலம் தெரியும். இதைப் பத்தாம் வகுப்புக்குச் செய்வித்த மறுநாள், ஒரு மாணவியின் தாய் வாசலில் வந்து நின்றார். பெயர் ராமாயி. அந்தத் தோட்டத்தில் பால் வெட்டுவோருள் அவருக்கு நிகர் இல்லை என்பார்கள். றப்பர்ப் பட்டையில் அவர் கத்தி போன தடம் அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல் இருக்குமாம். பிள்ளையின் வாயிலிருந்து எடுத்ததை வைத்து நான் என்ன செய்கிறேன் என்று அறிய வந்திருந்தார்.

விளக்கிப் பயனில்லை என்று கண்டு, அவருடைய கன்னத்திலிருந்தே சிறிது எடுத்துச் சாயமிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து, ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, நெடுநேரம் பார்த்தார். "உங்கட வாய்க்குள்ளை இருக்கிற கலங்கள்தான் அது. நடுவிலை தெரியிற பொட்டுத்தான் கரு" என்றேன். அவர் நிமிர்ந்து, வெற்றிலைக் காவி ஏறிய பல் தெரியச் சிரித்தார். "நாப்பது வருசமா வெத்தல போட்டுச் செவக்க வெச்சிருந்தேன். ஒரு சொட்டுல நீலமாக்கிட்டீங்களே டீச்சர்!"

காலைப் பால்

ராமாயியின் மகள்தான் சந்திரமலர். சொல்வதைக் கேட்டு எழுதும் பிள்ளை அல்ல. எழுதுவதற்கு முன் என் முகத்தை ஒருமுறை பார்ப்பாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்காது.

தவணைப் பரீட்சையில், கலத்தின் வீக்க அமுக்கத்துக்கு ஓர் உதாரணம் தருக என்று கேட்டிருந்தேன். புத்தகத்தில் வாடிய இலையை நீரிலிட்டால் விறைப்படையும் என்று இருந்தது. எல்லாரும் அதையே எழுதினார்கள். சந்திரமலர் எழுதியது வேறு: விடியற்காலையில் மரத்தின் கலங்களில் நீர் நிறைந்து அமுக்கம் கூடியிருப்பதால், அப்போது பட்டையை வெட்டினால் பால் வேகமாக வடியும், வெயில் ஏறி இலைகள் நீரை இழந்த பின் வெட்டினால் பால் குறையும், ஆகையால்தான் அம்மா விடியுமுன் றப்பர் மலைக்குப் போகிறார்.

அதைவிடச் சிறந்த விடையை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை. இன்று சொல்கிறேன். அன்று அதன் குறுக்கே சிவப்புக் கோடிட்டுப் பூச்சியம் போட்டேன். புத்தகத்தில் இல்லாததற்குப் புள்ளி இல்லை என்று வகுப்பின் முன் அறிவித்தேன். அவள் கொப்பியை வாங்கிப் பார்த்தாள். சற்றும் கோபமில்லாமல், உண்மையாகவே அறிய விரும்புபவள்போல் கேட்டாள்: "பொஸ்தகம் எழுதுனவங்க வெள்ளனே எந்திரிக்க மாட்டாங்களா டீச்சர்?"

தட்டினால் நகரும் வட்டம்

பதினோராம் வகுப்பில் வெங்காயத் தோல் செய்முறை. வெங்காயத்தின் உட்பக்கத்து மென்தோலை உரித்து, அயடீன் இட்டு, நுணுக்குக்காட்டியில் பார்த்து, கண்டதைக் கீற வேண்டும். அன்று அருமையாக வெயில் எறித்தது. இருபத்திரண்டு பிள்ளைகள் வரிசையாக வந்து குனிந்து பார்த்துப் போனார்கள்.

ரவீந்திரன் என்ற மாணவன் கீறிய படத்தைப் பார்த்து எனக்கு உள்ளம் குளிர்ந்தது. கலச்சுவர், கரு, புன்வெற்றிடம், இழைமணிகள், பச்சையுருமணிகள் யாவும் இருந்தன. பெயரிட்ட கோடுகள் எல்லாம் ஒரே நீளம். முழுப்புள்ளி இட்டேன். சந்திரமலரின் படத்திலோ செங்கல் அடுக்கியதுபோல் வெறுஞ் சுவர்கள். சிலவற்றில் மட்டும் ஓரமாக ஒதுங்கிய ஒரு கரு. அவற்றுக்கு மேலே தடித்த கரிய விளிம்புடைய ஒரு பெரிய வட்டம். அதன் அருகே, "இது என்னவென்று தெரியவில்லை. தட்டினால் நகர்கிறது" என்று எழுதியிருந்தாள்.

"பிள்ளை, இந்த வட்டம் எந்தப் புத்தகத்திலை இருக்கு?" என்றேன்.

"புத்தகத்தில இல்லீங்க டீச்சர். அதுக்குள்ள இருக்கு" என்று கருவியைக் காட்டினாள்.

அது காற்றுக் குமிழி. மூடிக் கண்ணாடியை நான் சரிவாக இறக்காததால் அகப்பட்ட குமிழி. என் பிழையை அவள் அளவு மாறாமல் கீறி வைத்திருந்தாள். இருபத்தைந்துக்கு ஒன்பது புள்ளி கொடுத்தேன். கணிதம் படிப்பித்த கருப்பையா மாஸ்டர், அந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர், அன்று ஜன்னலோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் போனபின் மெதுவாகச் சொன்னார்: "டீச்சர், உங்க ரவீந்திரன் கெட்டிக்காரன்தான். ஆனா அந்தக் குழாயில வெச்ச கண்ண அவன் மூடித்தான் வெச்சிருந்தான்."

மலைநாட்டிலிருந்து வந்த கடிதம்

எங்கள் பக்கத்தில் அக்காலம் தமிழ் மொழியில் உயர்தர விஞ்ஞானம் படிக்க வழியில்லை. கலைப்பிரிவு படிக்கலாம், இல்லையேல் படிப்பை நிறுத்தலாம். சாதாரண தரப் பரீட்சை முடிவு வந்த வேளை, விடுதி வசதியுள்ள ஒரு மலைநாட்டுப் பாடசாலை, எங்களிடமிருந்து ஒரு மாணவரை விஞ்ஞானப் பிரிவுக்கு எடுப்பதாக அறிவித்தது. முடிவில் ரவீந்திரனும் சந்திரமலரும் ஏறக்குறைய சமன். விஞ்ஞான ஆசிரியர் ஒரு மாணவரைச் சிபாரிசு செய்து, அந்த மாணவரின் செய்முறைக் கொப்பியை அனுப்ப வேண்டும்.

நான் ரவீந்திரனின் கொப்பியை அனுப்பினேன். ஒரு கிழமைக்குள் அங்குள்ள உயிரியல் ஆசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. மரியாதையான கடிதம். வெங்காயத்தின் உட்தோலில் பச்சையுருமணிகள் இருப்பதில்லை என்றும், இழைமணிகளைப் பாடசாலை நுணுக்குக்காட்டியில் இவ்வாறு காணவே இயலாது என்றும் குறிப்பிட்டு, தாம் கண்டதை மட்டும் கீறிய மாணவர் வேறெவரேனும் இருந்தால் அனுப்பும்படி கேட்டிருந்தார். இரண்டு மாதத்தில் வகுப்புத் தொடங்கும். அதுவரை இடம் வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தார்.

வெங்காயத் தோலில் பச்சையம் இல்லை என்பது எனக்குத் தெரியாததன்று. அதன் வெண்மையை நாளாந்தம் அடுப்படியில் உரிப்பவள் நான். ஆனால் முழுப்புள்ளி போட்ட கை என்னுடையது. அந்தப் பக்கத்தின் கீழே என் ஒப்பம் இருந்தது. சந்திரமலரின் கொப்பியை அனுப்பினால், நான் ஒன்பது புள்ளி இட்டதையும் அந்த மனிதர் பார்ப்பார். அன்றே உட்கார்ந்து, நல்ல தாளில், மை சிந்தாமல் ஒரு வரி எழுதினேன்: "தாங்கள் குறிப்பிடும் தகுதியுடைய மாணவர் வேறெவரும் இப்பாடசாலையில் இலர்."

கடிதத்தைத் தபாலில் சேர்க்கக் கருப்பையா மாஸ்டரிடம் கொடுத்தேன். முகவரியைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. "சரி டீச்சர், ரெண்டாவதா நம்ம ராமாயி மகளப் பத்தி எழுதிட்டீங்கபோல. நல்ல காரியம் செஞ்சீங்க."

நடுங்காத கை

அதன்பின் மூன்று மாதம் சென்றிருக்கும். ரவீந்திரன் கலைப்பிரிவில் சேர்ந்து சந்தோஷமாகத்தான் இருந்தான். அவனைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவில் ராமாயியைக் கண்டேன். விலகிப் போக நினைத்தேன். அவர் கண்டுவிட்டார். கையிலிருந்த பையை மண்ணில் வைத்துவிட்டு, இரு கைகளையும் கூப்பினார்.

மகளின் பெயரைத் தோட்டத்துச் செக்ரோல் என்னும் தொழிலாளர் பதிவேட்டில் பதிந்தாயிற்று, இப்போது தாயும் மகளும் பக்கத்துப் பக்கத்து வரிசையில் பால் வெட்டுகிறார்கள் என்றார். பட்டைக்கும் மரத்துக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படை உண்டு. கத்தி அதைத் தொட்டால் அந்த இடத்தில் பட்டை சீராக வளராது. புதிதாக வருபவர்கள் எல்லாரும் முதல் மாதம் அதைக் காயப்படுத்திக் கங்காணியிடம் ஏச்சு வாங்குவார்களாம். மாறிழையம் என்று நான் கரும்பலகையில் எழுதிக் காட்டுவது அந்தப் படைதான். அதை நான் தொட்டதில்லை. சந்திரமலர் ஒரு மரத்தைக்கூடக் காயப்படுத்தவில்லை என்றார் ராமாயி. சொல்லும்போது அவர் குரலில் என் மீதான நன்றி இருந்தது. "உங்ககிட்ட படம் போட்டுப் பழகுன கைதானுங்களே டீச்சர், கொஞ்சங்கூட நடுங்க மாட்டேங்குது."

சேலையில் பட்ட பால்

அந்த வாரத்தில் ஒரு நாள், பாடசாலை தொடங்குமுன், நான் றப்பர் மலைக்குப் போனேன். இரவு பெய்த மழை விட்டிருந்தது. சந்திரமலர் ஒரு மரத்தோடு ஒட்டி நின்று கத்தியை இழுத்துக்கொண்டிருந்தாள். வெண்மையான பால் வெட்டின் வழியே சரிந்து சிரட்டையில் விழுந்தது. என்னைக் கண்டு அவள் திடுக்கிடவில்லை. "கிட்ட வராதீங்க டீச்சர், சாரியில பட்டா போகாது" என்றாள். நான் கிட்டத்தான் போனேன்.

நடந்ததைச் சொன்னேன். அந்த ஆசிரியர் கேட்டதையும், நான் எழுதியனுப்பிய வரியையும் ஒரு சொல் மாற்றாமல் ஒப்புவித்தேன். மனப்பாடமாக ஒப்புவிப்பதில் எனக்கு என்றும் குறைவில்லை. "இனி அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப எழுதிப் பாக்கிறன், பிள்ளை" என்றேன். வகுப்புத் தொடங்கி ஒரு மாதம் ஆகிவிட்டதென்பது இருவருக்கும் தெரியும். (எழுதினேன். இடம் நிரம்பிவிட்டதென்று பதில் வந்தது.)

அவள் அழவில்லை, ஏசவும் இல்லை. "அந்தக் கடுதாசி எப்ப வந்துச்சு டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள். முடிவு வந்து இரண்டு கிழமைக்குள் என்றேன். அவள் மனத்துக்குள் எதையோ கணக்கிட்டாள். பின் அடுத்த வரிசையில் குனிந்து நின்ற தாயைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "அம்மாகிட்ட மட்டும் இதச் சொல்லிறாதீங்க டீச்சர். கங்காணி மூணு தடவ வந்து கேட்டும், 'டீச்சர் வந்து ஏதாச்சும் சொல்லுவாங்க, பொறு'ன்னு ரெண்டு மாசமா என் பேரக் குடுக்காம வெச்சிருந்தது அம்மாதான்."

என் பணிக்காலம் முழுவதிலும் நான் எழுதியவற்றுள், கையெழுத்திலோ சொல்லமைப்பிலோ எவரும் ஒரு குறை காண முடியாத வசனம் மலைநாட்டுக்கு அனுப்பிய அந்த ஒன்றுதான். அது பொய் என்பது மட்டுமே அதிலிருந்த பிழை.