சரியாயிடும் டெய்லரும் நம்பிக்கை முத்திரையும்

அந்தத் தெருவில் அவருக்கு 'சரியாயிடும் டெய்லர்' என்றுதான் பெயர். சட்டை இறுக்கிப் பிடிக்கிறது என்று போய் நின்றால், "போடப் போட விட்டுக்கொடுக்கும் சார், சரியாயிடும்" என்பார். தொளதொளவென்று இருக்கிறது என்றால், "ரெண்டு தடவை துவைங்க, சுருங்கிச் சரியாயிடும்" என்பார். ஒரே துணி ஒருவருக்கு விரிந்தும் இன்னொருவருக்குச் சுருங்கியும் எப்படி உதவி செய்யும் என்று கேட்க யாருக்கும் வாய் வந்ததில்லை. கழுத்தில் டேப்போடு அவர் நிற்கிற தோரணை அப்படி. தையல் என்னவோ சுத்தம்தான். ஆனால் மனுஷன் கல்யாணமான நாளிலிருந்து 'என் தப்புதான்' என்று சொல்லித் தன் காதால் கேட்டதில்லை என்று அவர் மனைவி எங்கே வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுவாள்.

மனைவி கெட்டிக்காரி. வெளிநாட்டுக்காரர்களுக்குத் தைத்து அனுப்பலாம் என்பது அவள் யோசனை. சட்டைகளை ஹேங்கரில் மாட்டிப் படம் பிடித்து இணையத்தில் போட்டாள். பார்த்தவர்கள் பார்த்தார்கள், ஒருவரும் வாங்கவில்லை. நியாயம்தானே? எங்கேயோ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற, முகம் தெரியாத டெய்லரை நம்பி எவன் காசு கட்டுவான்?

அந்த நேரம் பார்த்து அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. அக்கரை நாட்டோடு ஒப்பந்தம் போட்டு, ஒழுங்காக நடக்கும் சின்னக் கடைகளுக்கு ஒரு பச்சை முத்திரை கொடுப்பார்கள். அதற்குப் பெயர் நம்பிக்கை முத்திரை. தகராறு வந்தால் வாங்கியவரையும் விற்றவரையும் வீடியோவில் எதிரெதிரே உட்காரவைத்து, ஓர் அதிகாரி பேசித் தீர்த்துவைப்பார். கடைக்காரர் முரண்டு பிடித்தால் முத்திரை பறிபோகும்.

முத்திரை வேண்டுமென்றால் ஒரு வகுப்புக்குப் போகவேண்டும். வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்பது எப்படி என்று பாடம். கேட்டீர்களா கூத்தை! "மன்னிப்புக் கேட்டுட்டு அடுத்த வார்த்தை 'ஆனா'ன்னு ஆரம்பிக்காதீங்க. ஆனா போட்டீங்கன்னா கேட்டது வீண்" என்றார் வகுப்பெடுத்த அதிகாரி அம்மா. நம்ம ஆள் கடைசி வரிசையில் உட்கார்ந்து, கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தார்.

முத்திரை வந்தது. ஆர்டர்களும் வந்தன. மனைவி அதுவரை பார்த்துவந்த பார்சல் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டுக் கடையிலேயே உட்கார்ந்தாள். "திரும்பி வந்தா இந்த நாற்காலி இருக்காதும்மா" என்று அங்கே மேனேஜர் சிரித்தபடி சொல்லி அனுப்பியிருந்தார். அந்தச் சிரிப்பு அவளுக்கு அடியோடு பிடிக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் புகார் வந்தது. சட்டையின் இடது கை நீளம், பாதி உள்ளங்கையை மூடுகிறது என்று ஒரு வாடிக்கையாளர். "துவைச்சா சரியாயிடும்னு பதில் போடு" என்றார் டெய்லர். அவள் போட்டாள். அந்த நல்ல மனிதர் துவைத்தும் பார்த்துவிட்டார். கை அப்படியே இருந்தது. "அப்போ அவருக்கு அளவெடுக்கத் தெரியலேன்னு போடு" என்றார். அதையும் போட்டாள். புகார் நேரே அதிகாரியிடம் போனது.

வீடியோ விசாரணை அன்று நூல்பெட்டியில் டேப்லெட்டைச் சாய்த்துவைத்துவிட்டு இருவரும் முன்னால் உட்கார்ந்தார்கள். "முத்திரை போச்சுன்னா நான் அந்த மேனேஜர் மூஞ்சிலதான் போய் முழிக்கணும். வாயைத் திறந்தா பார்த்துத் திறங்க" என்றாள் மனைவி.

திரையில் ஒரு பக்கம் அந்த அதிகாரி அம்மா, மறுபக்கம் வாடிக்கையாளர். ஒல்லியான மனிதர், மேலே ஒரு போர்வையைப் போர்த்தியிருந்தார். அவர் பேச்சை அதிகாரி மொழிபெயர்த்தார்.

"மன்னிச்சுக்கணும்" என்று அழகாகத்தான் ஆரம்பித்தார் டெய்லர். "ஆனா..."

மேசைக்கடியில் அவர் பாதத்தின்மேல் மனைவியின் கால் மெஷின் பெடலை மிதிப்பதுபோல் இறங்கியது. வாய் நிற்கவில்லை.

"ஆனா மேடம், நடந்ததைச் சொல்லணும்ல? வலது கைக்கு இருபத்துநாலு, இடது கைக்கு இருபத்திரண்டுன்னு அளவு அனுப்பியிருக்கார். டேப்பைச் சரியா பிடிச்சிருக்க மாட்டார். இத்தனை வருஷ அனுபவத்துல இது கூடவா தெரியாது? நான்தான் பெரிய மனசு பண்ணி, ரெண்டையும் இருபத்துநாலாத் திருத்தித் தச்சேன். நியாயமா அவர்தான் எனக்கு நன்றி சொல்லணும்."

அதிகாரி மொழிபெயர்த்தார். அந்த மனிதர் கோபப்படவில்லை. போர்வையை எடுத்து வைத்துவிட்டு எழுந்தார். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார்.

இடது கை வலது கையைவிட இரண்டு அங்குலம் குட்டை.

"சின்ன வயசுல முழங்கை உடைஞ்சு, சரியா சேராம, கை வளராம நின்னுடுச்சாம்" என்றார் அதிகாரி. "கடையில வாங்குற எந்தச் சட்டையும் அவருக்குச் சரியா வராதாம். முத்திரையைப் பார்த்துட்டு, இவராவது சொன்னபடி தைப்பாருன்னு நம்பினாராம்."

டெய்லர் டேப்லெட்டைக் கிட்டே இழுத்து அந்தக் கையைப் பார்த்தார். கழுத்து டேப்பை எடுத்து மடியில் வைத்தார், மறுபடி எடுத்துக் கழுத்தில் போட்டார். வெட்கம் என்றால் அப்படியொரு வெட்கம் அவருக்கு. மனைவி காலை எடுத்துவிட்டாள். இனி மிதிக்க வேண்டியதில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அவர் கை சரிதான் மேடம்" என்றார் கடைசியில். "நான் தச்சதுதான் தப்பு. அவர் சொன்னதை நான் நம்பல. அப்படியே சொல்லுங்க. புதுசா ஒண்ணு தச்சு அனுப்புறேன்."

'ஆனா' வருமா என்று அதிகாரி கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார். வரவில்லை.

அன்றைக்கே துணியை விரித்து வெட்டினார். இடது கையை வெட்டுமுன் அளவை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, மனைவியிடம் மறுபடி மறுபடி சரிபார்த்துக்கொண்டார். பொத்தான் தைப்பது எப்போதும் அவள் வேலை. இந்தச் சட்டைக்கு அதையும் அவரே தைத்தார்.

சட்டை போய்ச் சேர்ந்த பிறகு ஒரு காலை, மனைவி டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"என்னங்க! புகாரைத் திரும்ப வாங்கிட்டார். முத்திரை நம்மகிட்டயே இருக்கும்னு ஆபீஸ்லேர்ந்தும் சொல்லிட்டாங்க!"

"அவர் என்ன எழுதியிருக்கார்?"

அவள் படித்தாள்: "இன்றைக்குத்தான் முதல் தடவையாக, சட்டையின் இடது கையை மடித்துவிடாமல் வேலைக்குப் போனேன். யாரும் என் கையை உற்றுப் பார்க்கவில்லை."

டெய்லர் மெஷினை நிறுத்தினார்.

"முத்திரை தப்பிச்சுதுங்க. இனிமே கவலை இல்லை!" என்றாள்.

"அது கிடக்கட்டும்" என்றார் அவர். "அவர் எழுதினதை இன்னொரு தடவை படி."