சப்டைட்டில் படிக்கிறவனின் சிரிப்பு

எனக்குப் பிடித்த இயக்குநர்கள் மூன்று பேர். மூவருமே சோகத்தைக் காட்டுவதற்கு முன் மழையைக் காட்டுகிறவர்கள். கதாநாயகன் பேசாமல் நனைவான், நான் இருட்டில் மூக்கை உறிஞ்சுவேன். இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், மூவருக்கும் ஒருவர் பின் ஒருவராகக் காமெடிப் படம் எடுக்கும் ஆசை வந்துவிட்டது. முதல் இரண்டையும் பார்த்துவிட்டு, கல்யாண வீட்டில் தலைமை ஆசிரியர் குத்தாட்டம் போடுவதைப் பார்த்தவன்போல் கூசிப்போய்த் திரும்பினேன். ஆனாலும் மூன்றாவதற்கும் போனேன். ரசிகனுக்கு வெட்கம் ஏது?

என் மனைவி பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவள். கல்யாணமான நாளிலிருந்து மழைப் படங்களுக்கெல்லாம் என்னோடு வந்து, என் தோளில் சாய்ந்து தூங்கியிருக்கிறாள். இந்த முறை கிளம்பும்போதே சொல்லிவிட்டாள்: “இதுவும் அதே மாதிரி இருந்துச்சுன்னா, இனிமே நீங்க ஒண்டியாதான் போகணும்.”

ஒண்டியாகப் படம் பார்ப்பதை நினைத்துப் பார்த்தேன். பக்கத்து இருக்கையில் என் பை மட்டும் உட்கார்ந்திருந்தது.

மதியக் காட்சி. வெளியே வெயில் இருந்ததே மறந்துபோகும் குளிரும் இருட்டும். முதல் நகைச்சுவை வந்தது. முன்வரிசையில் தமிழ் தெரியாத கல்லூரிப் பிள்ளைகள் ஆங்கில சப்டைட்டிலைப் படித்து முதலில் சிரித்தார்கள். பிறகு நடிகர் அதைப் பேசினார். என் மனைவி சிரித்தாள். இரண்டுக்கும் நடுவில் நான் வரியைப் படித்து, பிழை பார்த்து முடித்திருந்தேன். பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் நான் சாஃப்ட்வேர் டெஸ்டர்; பிழை பிடிப்பதுதான் வேலை. எழுத்து எங்கே ஓடினாலும் கண் அதன் பின்னால் ஓடும்.

“தப்பு,” என்றேன்.

“என்ன தப்பு?”

“மச்சான்னு கூப்பிடறான், கீழ பிரதர்னு போட்டிருக்காங்க.”

“தமிழ்ப் படத்துக்கு வந்து எதுக்கு இங்கிலீஷ் படிக்கிறீங்க? ஸ்வல்ப நிமிந்து பாருங்க.” சலித்துக்கொண்டால் அவளுக்குக் ‘கொஞ்சம்’கூடக் கன்னடத்தில்தான் வரும்.

இடைவேளையில் அவள் சிரிப்பெல்லாம் அடங்கியிருந்தது. “நீங்க அழற படத்துக்கெல்லாம் நான் கூட வந்தேன். நான் சிரிக்கிற படத்துல நீங்க கூட வரல,” என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் ஏதாவது சமாளித்திருப்பேன்.

இரண்டாம் பாதியில் பாப்கார்ன் டப்பாவைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துத் திரையின் அடிப்பகுதியை மறைத்துக்கொண்டேன். எழுத்து போனதும் முகங்கள் பெரிதாகி, தண்ணீருக்குள் நகர்வதுபோல் மெல்ல நகர்ந்தன. திடீரென்று திரையில் மழை. பஸ் நிறுத்தத்தில் காமெடியன் அசையாமல் நனைகிறான். இதே நிறுத்தம், இதே மௌனம். இந்த இயக்குநரின் பழைய படத்தில் கதாநாயகன் காதலியை வழியனுப்பிய இடம். அங்கே நான் இரண்டு முறை அழுதிருக்கிறேன். இங்கேயோ கண்டக்டர் இறங்கி வந்து, அவன் தலைக்குமேல் குடையைப் பிடித்தபடி, சோகம் தீரட்டும் என்று காத்து நிற்கிறார். பின்னால் நாலு பஸ்.

இயக்குநர் என்னைத்தான் கிண்டல் செய்கிறார் என்று புரிந்தது. வலித்தது. அதற்குள் சிரித்தும்விட்டேன், அத்தனை பெரிய அரங்கில் ஒற்றை ஆளாக.

அவள் திரும்பினாள். “இங்க என்ன சிரிப்பு?”

“பழைய படத்துல இப்பிடித்தான் நிப்பான். நான் அழுதேன்.”

“இதுக்கா அழுதீங்க?”

“ம்.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவளோடு நானும். திரையில் மழை நின்றும் எங்களுக்கு நிற்கவில்லை.

படம் நல்ல படமா என்று கேட்டால் இன்றைக்கும் தெரியாது. பாதி எனக்குப் பிடிக்கவில்லை. மீதி என்னைப் பற்றியது. வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் அவள், “வீட்டுக்குப் போனதும் அந்தப் பழைய படத்தப் போடுங்க. முழிச்சிருந்து பாக்கறேன்,” என்றாள்.

போட்டேன். பஸ் நிறுத்தம் வந்தபோது திரையைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், சிரித்துவிடுவாளோ என்ற பயத்தில். அவள் சிரிக்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து வந்து, “சத்தம் இன்னும் கொஞ்சம் வைங்க,” என்றாள்.