நாக்குக்கு அடியில் பத்து நிமிடம்

போன செவ்வாய்க்கிழமை கலெக்டர் ஆபீஸில் ஒரு வேலை. வழக்கம்போல செல்வத்தின் ஆட்டோ. (பெயரை மாற்றியிருக்கிறேன். மற்றதை எழுதச் சொன்னதே அவர்தான்.)

வேங்கிக்காலில் ஒரு கிளினிக் முன்னால் வண்டியை நிறுத்தினார். "உள்ள போய்ட்டு வந்துடறேன் சார். தினமும் வரணும்."

இரண்டே நிமிடத்தில் வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். "போலாமா?" என்றேன். வாயை இறுக்க மூடிக்கொண்டு, இருங்க என்று கையைக் காட்டினார். பார்வை மலை மேல்.

எனக்குப் புரிந்துவிட்டது. நம் ஊரில் யாருக்குத்தான் புரியாது? மௌன விரதம்! கிரிவலப் பாதையில் சிலேட்டும் கையுமாக எத்தனை பேரைப் பார்க்கிறோம்...

அவருடைய போன் அடித்தது. 'கலா' என்று திரையில். பதறிப்போய் என் கையில் திணித்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"செல்வத்தோட வீட்டுக்காரம்மாங்களா? அவரு மௌன விரதத்துல இருக்காரும்மா."

"என்னாது? பேச மாட்டேங்கிறாரா?" குரல் உடைந்தது. "அப்ப மறுபடியும் ஆரம்பிச்சிட்டாருங்க. போதை மாத்திரை போட்டா இப்படித்தான் வாயத் தொறக்காம உக்காந்திருப்பாரு. நாளைக்குப் புள்ளைய இட்டுக்கினு வரலாம்னு இருந்தேன்... நான் வரல."

செல்வத்தின் கண் கலங்கிவிட்டது. வாய் மட்டும் திறக்கவில்லை.

நல்லவேளை, நர்ஸ் வந்து போனை வாங்கினார். "கலா, சிஸ்டர் பேசறேன். அந்தப் பழக்கத்த விடத்தான் இங்க வேற மாத்திரை குடுக்கறோம்னு சொன்னேன்ல? நாக்குக்கு அடியில வெச்சிருக்காரு. பேசினா, முழுங்கினா சரியா வேலை செய்யாது. பத்து நிமிஷம்மா."

"நான் லைன்லயே இருக்கேன் சிஸ்டர்."

பிறகு செல்வமே சொன்னார்: அந்த மாத்திரை முதுகுவலிக்கு என்று ஆரம்பித்ததாம். வலி போன பிறகும் மாத்திரை போகவில்லை. மனைவிதான் கீழ்பென்னாத்தூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்.

"ஒரு மாத்திரைய விடறதுக்கு இன்னொரு மாத்திரையா சிஸ்டர்?" — கேட்காமல் இருப்பேனா நான்?

"உங்க சட்டை பாக்கெட்ல எட்டிப் பாக்கறது பிபி மாத்திரைதானே சார்? அத எப்ப நிறுத்தப் போறீங்க?"

எனக்குத் தேவைதான்.

போன் பெஞ்சின் மேல். இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் கலா, இருவரும் பேசவில்லை. மௌனம் என்றாலே கையெடுத்துக் கும்பிடுகிறவன் நான். அதே மௌனம் ஒரு பெண்ணை இப்படிப் பயமுறுத்தும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

நர்ஸ் நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார். "கரைஞ்சிடுச்சு. பேசுங்க."

"கலா... எந்த பஸ்ஸுல வர்றீங்க?"

விசும்பலுக்கு நடுவே, "காலைல மொத பஸ்ஸு."

கலெக்டர் ஆபீஸ் போய்ச் சேரும்வரை செல்வம் பேசிக்கொண்டே வந்தார் — மௌன விரதம் இருந்தது நான்தான்!