பை ஒட்டத் தெரியாத வார்டு

முதலில் இரத்தம் வந்தது. மலத்தோடு கலந்து, கருஞ்சிவப்பாக. மூலம் என்று நானே முடிவு செய்துகொண்டு, மேச்சேரி மருந்துக் கடையில் களிம்பு வாங்கிப் பூசினேன். நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. பாடம் முடிக்கும் அவசரத்தில் உடம்பு காத்திருக்கும் என்று நினைத்தேன். சேலை இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்த பிறகு, என் கணவர் கட்டாயப்படுத்திச் சேலத்துக்கு அழைத்துப் போனார். கொலனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் செலுத்திக் குடலைப் பார்க்கும் சோதனை) செய்தார்கள். மலக்குடலில் புற்றுநோய்.

கதிர்வீச்சு முடிந்து அறுவை நடந்தது. புற்றை வெட்டியெடுத்து உள்ளே தைத்த இடம் ஆறும்வரை மலம் அந்த வழியில் போகக் கூடாது. அதற்காக வயிற்றின் வலப்பக்கம் ஸ்டோமா (சிறுகுடலின் ஒரு பகுதியைத் தோலுக்கு வெளியே இழுத்துத் தைத்துவைக்கும் திறப்பு) வைத்தார்கள். அதன்மேல் ஒரு பை ஒட்டியிருக்கும். மலம் தண்ணீராக அதில் இறங்கிக்கொண்டே இருக்கும். அடக்கவோ நிறுத்தவோ முடியாது.

அறுவை நன்றாகவே நடந்தது. என்னைச் சிதைத்தது அந்தப் பை.

ஒட்டிய கொஞ்ச நேரத்தில் ஓரமாக ஒழுகத் தொடங்கியது. வார்டு நர்ஸ் காவ்யா, ஆத்தூர்ப் பக்கத்துப் பெண், அதைப் பிய்த்துவிட்டு வேறொன்று ஒட்டினாள். அதுவும் ஒழுகியது. பையைத் தோலோடு ஒட்டும் தட்டில் துளையைக் கண்ணளவில் வெட்டியதால் அது பெரிதாகிவிட்டது. ஸ்டோமாவுக்கும் தட்டுக்கும் நடுவில் திறந்து கிடந்த தோலில் மலம் தேங்கியது. சிறுகுடலிலிருந்து வருவதில் செரிமான நீர் இருக்கும். அது தோலையும் தின்னும். சில நாளிலேயே அந்த இடம் உரிந்து, ஈரமாகி, இரத்தம் கசிந்தது. மூத்த நர்ஸ் ஒருவர் அதை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். பிறகு பஞ்சு வைத்து, மேலே பிளாஸ்திரி போட்டார்கள். பிளாஸ்திரியை எடுத்தபோது இன்னும் கொஞ்சம் தோல் அதோடு வந்தது.

நாற்றத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. புளித்த, அழுகலான அந்த வாடை தலையணையில் இருந்தது, தலைமுடியில் இருந்தது, குடிக்கும் தண்ணீரில்கூட இருப்பதாகத் தோன்றியது. பக்கத்துக் கட்டில் நோயாளியின் மகள் திரையை இழுத்து மூடிக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், எனக்கே குமட்டியது. சாப்பிட்டால் பை நிறையும், நிறைந்தால் ஒழுகும் என்று சோற்றை ஒதுக்கினேன். என் கணவர் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். தீக்காயம் பட்ட விரல்களால் அவர் என்னைத் துடைத்துவிடும்போது நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வேன்.

ஒருநாள் பையை மாற்றும்போது காவ்யாவே சொன்னாள்.

“இத எங்களுக்கு யாரும் கையப் புடிச்சுச் சொல்லித் தரல டீச்சர். படிக்கும்போது புத்தகத்துல ஒரு பக்கம் இருந்துச்சு, அவ்ளோதான்.”

ஸ்டோமா பராமரிப்புக்கென்று தனிப் பயிற்சி இருக்கிறது, அதற்குத் தான் லீவு கேட்டும் கொடுக்கவில்லை என்றும் சொன்னாள்.

அடுத்த வாரம் ஒரு காலையில் வார்டு வெறிச்சோடியது. நர்ஸ்களுக்குத் தொடர் கல்வி வகுப்பு (பணியில் இருப்பவர்கள் புதிய முறைகளைக் கற்பதற்கான பயிற்சி) என்றார்கள். அந்த நேரம் பார்த்துப் பை மொத்தமாகக் கழன்று முதுகுவரை வழிந்தது. கணவர் மேல்மாடிக் கூடத்துக்கு ஓடினார். வெளியூரிலிருந்து வந்த பேச்சாளர் ஒருவர் நேர்மறை எண்ணங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாராம். பெண்களை எழுந்து நின்று கைதட்டச் சொல்லியிருந்தாராம்.

“ஏனுங்க, ஊட்டுக்காரிக்குப் பை கழண்டு போச்சுங்க. யாராச்சும் ஒருத்தரு வாங்க” என்று இவர் வாசலில் நின்று கேட்டிருக்கிறார். குரூப் போட்டோ முடிந்ததும் அனுப்புவதாக நர்ஸிங் கண்காணிப்பாளர் சொல்லியிருக்கிறார்.

நான் என் மலத்தில் படுத்துக் காத்திருந்தேன். படம் நன்றாக வந்திருக்கும். ஆசிரியர் பயிற்சிகளிலும் அப்படிப்பட்ட படங்கள் எடுப்பார்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டிருப்போம்.

மறுநாள் அறுவை மருத்துவர் வந்தார். தையல் அருமையாக ஆறியிருக்கிறது, ஸ்டோமா நல்ல நிறத்தில் இருக்கிறது என்றார். தோலைப் பாருங்கள் என்றேன்.

“அது நர்ஸிங் விஷயம்மா. கொஞ்ச நாள் பொறுத்துக்குங்க, எப்படியும் மூடத்தானே போறோம்.”

உடன் வந்த கண்காணிப்பாளரிடம், ஒருவரையாவது பயிற்சிக்கு அனுப்பக் கூடாதா என்று கேட்டேன். மருந்துத் தட்டைப் பிடித்துக்கொண்டு காவ்யா பக்கத்தில்தான் நின்றாள்.

“அனுப்பலாம்மா. கத்துக்கிட்டு வந்து ரெண்டே மாசத்துல வேற எடத்துக்குப் போயிடுவாளுங்க. எங்களுக்கு என்ன மிச்சம்?”

மிச்சம் என்ன என்று என் வயிற்றைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். அவர் பார்க்கவில்லை.

அந்தப் புண்ணோடே வீட்டுக்கு அனுப்பினார்கள். சாப்பிடாமலும், உடம்பிலிருந்த தண்ணீரெல்லாம் பையில் போயும், குளியலறையில் மயங்கி விழுந்தேன். கணவரின் தங்கை நாலு பேரிடம் விசாரித்து, கோவையில் ஒரு மருத்துவமனையில் ஸ்டோமா நர்ஸ் இருப்பதைக் கண்டுபிடித்தாள். அவரிடம் போனோம். பெயர் செலின்.

செலின் முகமூடி போடவில்லை. வெறும் தண்ணீரில் கழுவினார். ஒற்றி உலர்த்தினார். உரிந்த இடத்தில் பொடி தூவி, மிகுந்ததைத் தட்டிவிட்டார். ஓர் அளவு அட்டையை ஸ்டோமாவின்மேல் வைத்துப் பார்த்து, அந்த அளவுக்கே துளை வெட்டினார். தட்டை ஒட்டிவிட்டு உள்ளங்கையால் மூடி, சூடு ஏறும்வரை அப்படியே வைத்திருந்தார். அவ்வளவுதான்.

“மொதல்ல நானும் ஸ்பிரிட்டுதாங்க போட்டுட்டிருந்தேன். அப்ப அதான் தெரியும். அப்பறம் பயிற்சிக்கு அனுப்புனாங்க. இப்பவும் போறேனுங்க, முறையெல்லாம் மாறீட்டே இருக்குது.”

மறுநாளும் பை நின்றது. அதற்கு அடுத்த நாளும் நின்றது. நான் அழுதேன். நிம்மதியில் அழுகிறேன் என்று கணவர் நினைத்தார். இந்தச் சின்ன வேலை தெரியாமலா என் தோலை உரித்தார்கள் என்ற கசப்பு அது.

ஸ்டோமாவை மூடும் அறுவைக்குச் சேலத்துக்கே போனேன். அந்த மருத்துவரின் கைமேல் எனக்குச் சந்தேகம் இல்லை. அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: மூடுவதற்கு முன்னால் செலினை வரவழையுங்கள், உங்கள் நர்ஸ்கள் என் வயிற்றில் பழகட்டும். அவர் சம்மதித்தார்.

செலின் வந்தார். நான் சேலையை விலக்கிப் படுத்தேன். நர்ஸ்கள் சுற்றி நின்றார்கள். காவ்யா முதலில் அளவெடுத்தாள். கண்காணிப்பாளர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். அவர் கூட்டிவந்த ஆள் கேமராவைத் தூக்கினான்.

“படம் வேண்டாங்க. கத்துக்க வந்தவங்க மட்டும் நில்லுங்க” என்றேன்.

இருவரும் போய்விட்டார்கள். காவ்யா ஒட்டிய பை அறுவை அன்று காலைவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை.

காவ்யா இப்போது அங்கே இல்லை. பயிற்சிக்கு மறுபடி லீவு கேட்டிருக்கிறாள், மறுபடி மறுத்திருக்கிறார்கள். ராஜினாமா செய்துவிட்டுக் கோவைக்குப் போய்விட்டாள். மறுபரிசோதனைக்குப் போனபோது கண்காணிப்பாளர் அதை என்னிடம் ஒரு வெற்றியைப் போலச் சொன்னார். உங்களில் யாருக்காவது ஸ்டோமா வைக்கப்போகிறார்கள் என்றால், அறுவைக்கு முன்பே கேளுங்கள்: இந்தப் பையை ஒட்டக் கற்றவர் இங்கே யார்? பதில் வராவிட்டால் வேறு இடம் தேடுங்கள்.

எனக்கு மலம் பழைய வழிக்குத் திரும்பிவிட்டது. பழைய ஒழுங்குக்குத் திரும்பவில்லை. பாடவேளை முடியும்வரை நிற்க முடியுமா என்பது என் கையில் இல்லை. என் குடலை நான் பகல் வெளிச்சத்தில் பார்த்திருக்கிறேன். சிவப்பாக, ஈரமாக, யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் வேலை செய்துகொண்டிருந்தது. அதன்மேல் இனி எனக்கு அருவருப்பு வராது. வகுப்பின் நடுவில் அது அசையும்போது சாக்பீஸை வைத்துவிட்டுக் கழிப்பறைக்கு நடக்கிறேன். பிள்ளைகள் அவர்கள்பாட்டுக்குக் கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பார்கள். திரும்பி வரும்போது மணி என்ன என்று நான் பார்ப்பதில்லை.