நாற்பத்தேழாம் நம்பர் பை

பெண்கள் விடுதியில் போன் வாங்கி வைக்கும் வேலை, அழகர்கோவில் வாசலில் செருப்பு வாங்கி வைக்கிற மாதிரிதான். செருப்பைப் பிரிந்து யாரும் அழுவதில்லை என்பது ஒன்றே வித்தியாசம். மாலை ஆறு முதல் எட்டு வரை படிப்பு நேரம். நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள், நம்பர் போட்ட நூற்றுப் பன்னிரண்டு துணிப்பைகள். விடுதியில் வேலை பார்த்தவர்களுக்கு என் பாடு தெரியும்.

ஸ்டோரி

திருவாதவூர்ப் பிள்ளை முத்துலட்சுமி வகுப்பில் பேசி முடித்ததும், நன்றி சொல்வதற்குப் பதில் “அம்புட்டுத்தேன்” என்று சொல்லிவிட்டாள். யாரோ அதைப் பதிவு செய்து, அந்தப் பேரிலேயே இன்ஸ்டாகிராமில் பக்கம் திறந்து, தினம் ஒரு கேலி போட்டார்கள். “என்னையப் பத்தி ஸ்டோரி போட்டிருக்காங்கம்மா” என்று வந்து அழுதாள். நான் எட்டாவது வரை படித்தவள். நல்ல கதையா என்று கேட்டுவிட்டேன்.

அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “நீங்க வேற ஏம்மா!”

எத்தனை பேர்

அந்தப் பக்கத்தில் எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று கேட்டேன். நூற்றுப் பதினொன்று என்றாள். கணக்குப் பார்த்தேன். அவளைத் தவிர விடுதி மொத்தமும். அவளுடைய அறைத்தோழி திவ்யா அவள் தோளைத் தட்டினாள்.

“விடுடி, ரெண்டு நாள்ல மறந்துருவாங்க. இல்லாட்டி நாலு நாள்.”

வெளியாள்

மூன்றாவது வாரம் முத்துலட்சுமி தன்னைக் கூட்டிப்போக அப்பாவை வரச் சொல்லிவிட்டாள். போனால் அவர் திரும்ப அனுப்ப மாட்டார், கல்யாணம்தான் என்று அவளுக்கே தெரியும். ஏழே காலுக்கு அவர் கேட்டில் நிற்கிறார். அப்போதுதான் புதிதாக ஒரு கேலி வந்து விழுந்தது. வார்டன் தன் போனில் பார்த்துவிட்டு, “பிள்ளைக போனெல்லாம் நம்ம பீரோவுல இருக்கு. இது வெளியாள் வேலை” என்றார்.

நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அவர் காதுக்கருகே போய்ச் சொன்னேன்: “மேடம், மத்த பையெல்லாம் மெசேஜ் வந்து வந்து பீரோவுக்குள்ள உறுமிக்கிட்டே கெடக்கும். நாப்பத்தேழு மட்டும் மூணு வாரமா உறுமவே இல்ல.”

சந்தனம்

அவிழ்த்தோம். போன் உறைக்குள் கச்சிதமாக ஒரு சந்தன சோப்பு. பை, திவ்யாவுடையது. தோழியின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேட்டுவரை வழியனுப்ப வந்திருந்தவளும் அவள்தான். “குளிக்க வச்சிருந்தேம்மா” என்றாள். நூற்றுப் பன்னிரண்டு போன் என்று தினமும் நான் போட்ட கையெழுத்தெல்லாம் நூற்றுப் பதினொரு போனுக்கும் ஒரு சோப்புக்கும்!

முத்துலட்சுமி பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். “அப்பா, நீங்க கெளம்புங்க. போக வேண்டியது நான் இல்ல.”

இப்போதெல்லாம் ஒவ்வொரு பையையும் எண்ணி, முகர்ந்தும் பார்த்து வாங்குகிறேன். அதற்காக என் பேரிலும் ஒரு பக்கம் திறந்திருக்கிறார்களாம், இதுவரை இருபத்தாறு பேர்தான் சேர்ந்திருக்கிறார்கள்.